தோளில் காலியிடம் இல்லை

திரைக் கலைஞர் சங்க அலுவலகத்தில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் வாத்துப் படம். மழலைப் பள்ளியில் இருக்குமே, அந்த அளவு. அவளுக்கு முப்பத்தொரு வயது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற வேலை. அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“பெரிய நாற்காலி இல்லையா?”

“பெரிய உறுப்பினர்களுக்கு இருக்கு” என்றார் வரவேற்பில் இருந்தவர். கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். கணினியை நம்பினார். “நீங்க குழந்தை உறுப்பினர்.” மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

மிட்டாய் என்பது அவளுடைய பெயரும்கூட. எட்டு வயதில் மிட்டாய் என்ற பாத்திரத்தில் நடித்தாள். படம் தியேட்டரை விட்டுப் போய்விட்டது, பெயர் போகவில்லை. மற்ற நடிகர்கள் அழுகைக் காட்சிக்குக் கண்ணில் கிளிசரின் போட்டுக்கொள்வார்கள். ‘கிளிசரின் இல்லாமல் அழும் அதிசயக் குழந்தை’ என்று அவளைச் சுவரொட்டியில் போட்டார்கள். அது பொய் இல்லை. ஏன் அவளுக்குக் கிளிசரின் தேவைப்படவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள்.

இத்தனை வருடம் கழித்து வந்ததற்குக் காரணம் இருந்தது. கடைக்கு எதிர்ச்சுவரில் ஒரு புதுச் சுவரொட்டி. அதில் பெரியப்பா கைகூப்பி நின்றார். பக்கத்தில் ஒரு சிறுமி, முன்பல் விழுந்த சிரிப்பு. ‘ஆண்டு விழாவில் பெரியப்பாவின் தோளில் புதிய அதிசயக் குழந்தை.’

பெரியப்பா யாருடைய அப்பாவுக்கும் அண்ணன் இல்லை. குழந்தைகளுக்கு நடிப்புச் சொல்லித்தரும் இயக்குநர். திரையுலகமே அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும். அதில் ஒரு வசதி. யாராவது புகார் சொல்ல வாயெடுத்து “பெரியப்பா என்னை” என்று தொடங்கினால், கேட்பவர் “குடும்ப விஷயம்” என்று எழுந்து போய்விடலாம்.

செயலாளர் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். சிவப்பு நாற்காலியையும் அவளே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். போனாள்.

“வா பாப்பா” என்றார் செயலாளர். உருண்டையான, அன்பான மனிதர். “எவ்வளவு வளர்ந்துட்டே.”

“வளர்ந்திருக்கேன்ல சார். அப்புறம் ஏன் குழந்தை உறுப்பினர்னு வச்சிருக்கீங்க?”

“வளர்றது உன் இஷ்டம். பெரியவளாகிறது சங்கத்தோட முடிவு.”

பிறகு பொறுமையாக விளக்கினார். புதிய குழந்தையை ஒரு குரு ஆண்டு விழா மேடையில் தோளில் ஏற்றிக்கொள்வார். அன்றிலிருந்து அந்தக் குழந்தைக்குப் பேச்சு, கையெழுத்து, சம்பளம் எல்லாம் குருதான். குழந்தை வளர்ந்ததும் அதே குரு இன்னொரு விழாவில் இறக்கிவிடுவார். இறக்கிவிடாத வரைக்கும் குழந்தை.

“உன்னை அவர் இன்னும் இறக்கிவிடல பாப்பா. மறந்திருப்பார். வேலை ஜாஸ்தி.”

“நான் நடிக்கறதை விட்டே பதினேழு வருஷம் ஆச்சு.”

“அது உனக்கு. தோளுக்கு எப்படித் தெரியும்?”

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள். முழங்கால் முகவாயை இடித்தது. “நான் ஒரு புகார் கொடுக்கணும்.”

“தாராளமா. உன் குரு மூலமா கொடு.”

“குரு பெரியப்பா.”

“அப்பச் சுலபம். தெரிஞ்சவர்.”

“புகாரே அவர் மேலதான் சார்.”

செயலாளர் கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் தெளிந்தது. “அப்ப இன்னும் சுலபம். நீ விவரம் சொல்ல வேண்டியதே இல்ல. எல்லாம் அவருக்கே தெரிஞ்சிருக்கும்.”

இந்த மாதிரி விஷயங்களுக்கென்றே சங்கத்தில் கண்ணியக் குழு இருப்பதாகவும் சொன்னார். மூன்று பேர். தலைவர் பெரியப்பா. அடுத்தவர் பெரியப்பாவின் மச்சான். மூன்றாவது, ஒரு பெண்.

“யாரு சார் அந்தம்மா?”

“இன்னும் யாரையும் போடல. ஆனா நாற்காலி போட்டாச்சு. ஆம்பளைங்க யாரும் அதுல உட்கார்ந்திடக் கூடாதுன்னு குறுக்கே நாடா கட்டி வச்சிருக்கோம். பெண்களுக்கு இந்த மரியாதை வேற எங்க கிடைக்கும், சொல்லு.”

கண்ணியக் குழு மறுநாள் கூடியது. பெரியப்பாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. வெள்ளை உடுப்பு. குரலில் எப்போதும் கொஞ்சம் ஈரம்.

முதலில் அவர் குருவின் இருக்கையில் உட்கார்ந்தார். “இவ எனக்குப் பொண்ணு மாதிரி. இவ மனசு நொந்தா நான் நொந்த மாதிரி. இவ சார்பா இந்தப் புகாரை நானே கொடுக்கறேன்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து எதிர்த்தரப்பு இருக்கைக்குப் போனார். “புகாரைக் கேட்டேன். கொடுத்தவர் ரொம்ப நல்ல மனுஷர். அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா பாவம், அவருக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க.” அங்கிருந்து எழுந்து தலைவர் இருக்கைக்கு வந்தார். தண்ணீர் குடித்தார். “ரெண்டு தரப்பும் கண்ணியமாப் பேசினாங்க. குழுவுக்குச் சந்தோஷம்.”

மச்சான் தலையாட்டினார். “சமரசமாப் போயிடலாமே” என்றார்.

பெரியப்பா குருவின் இருக்கையைப் பார்த்தார். எதிர்த்தரப்பு இருக்கையைப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் சம்மதம்” என்று அறிவித்தார்.

“நான் ஒண்ணு சொல்லலாமா?” என்று கீழிருந்து குரல் வந்தது.

“பெரியவங்க பேசறப்ப குழந்தைங்க குறுக்கே பேசக்கூடாதும்மா” என்றார் மச்சான். அவருக்கு இருபத்தெட்டு வயது. பெரியப்பாவின் மூன்றாவது மனைவியின் தம்பி.

நாடா கட்டிய நாற்காலி எதுவும் சொல்லவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெளியே போகும் வழியில் பெரியப்பா சிவப்பு நாற்காலியின் அருகே குனிந்தார். பார்ப்பவர்களுக்கு ஆசீர்வாதம் மாதிரி இருந்தது. “அழுதுடு மிட்டாய். அழுதா முடிஞ்சிடும்” என்றார் தணிந்த குரலில்.

அவர் அவளைத் தொடவில்லை. ஆனாலும் அவளுடைய இடது கையின் மேல்பக்கம், சட்டைக்குள், சுரீர் என்றது.

அவள் வாசல்வரை வந்துவிட்டாள். பின்னாலேயே செயலாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“பாப்பா, ஒரு உதவி. ஆண்டு விழாவுக்கு நீ வந்தே ஆகணும். உன்னை இறக்கிவிடப் போறோம்.”

“நேத்து வரைக்கும் மறந்திருந்தீங்க.”

“இப்ப இடம் தேவைப்படுது. ஒரு குருவுக்கு ஒரு நேரத்துல ஒரு குழந்தைதான்னு விதி. முன்னாடி ஒரு குரு தலை, கழுத்துன்னு எல்லா இடத்துலயும் குழந்தைங்களை ஏத்திட்டார். போட்டோ நல்லா வந்துச்சு. இடுப்பு போயிடுச்சு. அதுலேர்ந்து இப்படி.”

“அப்ப நான் இறங்கலைன்னா?”

“தோள்ல காலியிடம் இல்லைன்னு ஆயிடும். புதுக் குழந்தையை ஏத்த முடியாது.”

சங்கத்தின் விதிகளில் ஒன்று அவளுக்குப் பிடித்துப்போனது அப்போதுதான். “நான் இறங்கலை சார்” என்றாள்.

செயலாளருக்கு வேர்த்தது. “அப்படிச் சொல்லாதேம்மா. அப்புறம் பொதுக்குழுவைக் கூட்டி விதியை மாத்தணும். ஒரு மாசம் இழுக்கும்.”

ஒரு மாதம். அதற்குப் பிறகு அந்த முன்பல் விழுந்த குழந்தை ஒத்திகை அறைக்குள் போகும், கதவு சாத்தப்படும். அவள் வாசல்படியிலேயே நின்றாள்.

“இறங்கறப்ப நான் பேசலாமா?”

“பேசித்தான் ஆகணும். நன்றியுரை. தோள்ல இருந்துகிட்டே சொல்லணும். அது முடியற வரைக்கும் யாரும் குறுக்கே பேசக்கூடாது, மைக்கை அணைக்கக்கூடாது. குரு நின்ன இடத்தை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தா குரு பட்டம் போயிடும். ஒரு தடவை நன்றியுரை நடுவுல யாரோ இருமிட்டாங்கம்மா. குரு கோவிச்சுகிட்டுச் சாப்பிடவே இல்ல. அதுக்கப்புறம் போட்ட விதி.”

“எவ்வளவு நேரம் பேசலாம்?”

“நன்றிக்கு ஏது பாப்பா அளவு?” என்றார் செயலாளர், உருக்கமாக.

“வரேன் சார்.”

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. இறக்கிவிடவேண்டுமானால் முதலில் அவள் தோளின் மேல் இருக்க வேண்டும். பெரியப்பாவின் தோள் இப்போது சால்வையைத் தாங்குவதே பெரிய பாடு. இதற்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அவளுக்குப் பதில் ஒரு பொம்மையை ஏற்றலாம் என்றார் ஒருவர். பெரியப்பாவுக்குப் பதில் அவர் சிலையை நிறுத்தலாம் என்றார் இன்னொருவர். பொம்மையும் சிலையும் சம்பந்தப்பட்ட விழாவுக்கு யார் வருவார்கள் என்று மூன்றாமவர் கேட்டார். கடைசியில் சண்டைக் காட்சிகளுக்குக் கயிறு கட்டும் மாஸ்டரைக் கூப்பிட்டார்கள்.

விழா அரங்கில் ஒத்திகை. கயிறு மாஸ்டர் அவள் இடுப்பில் பெல்ட்டை மாட்டி, கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

“எடை முழுக்க என் கயித்துல தங்கச்சி. உன் பாதம் ரெண்டும் அவர் தோள்ல சும்மா பட்டுகிட்டு இருக்கும். தாங்கறது நாங்க. பேரு அவருக்கு.”

“எப்பவும் அப்படித்தானே.”

“என்னது?”

“ஒண்ணுமில்லண்ணே. யார் சொன்னா என்னை இறக்குவீங்க?”

“தொங்கறவங்க சொன்னா. நீ கையை மூடியிருந்தா அப்படியே நிறுத்து. விரிச்சா இறக்கு. டைரக்டர் கத்தட்டும், தயாரிப்பாளர் காலில் விழட்டும், உன் கையைத்தான் பார்ப்போம். பெல்ட் எங்க இறுக்குதுன்னு கீழ நிக்கறவனுக்கு என்ன தெரியும்?”

“குழந்தைங்க தொங்கினாலும் இதே விதியா?”

“தொங்கறதுல என்ன தங்கச்சி பெரியவங்க சின்னவங்க” என்றார் மாஸ்டர். வாயில் பிடித்திருந்த கயிற்றைக் கடித்து முடிச்சை இறுக்கினார்.

விழா நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. சங்கத்தில் கைதட்டலுக்கென்று ஓர் ஆள் உண்டு. முன்வரிசையில் வெள்ளைக் கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பார். பேசுகிறவர் மூச்சு விடும் இடம் பார்த்துக் கைக்குட்டையை உயர்த்துவார். அரங்கம் தட்டும். மூச்சையே கவனிப்பதால் பேச்சைக் கேட்க அவருக்கு நேரம் இருப்பதில்லை.

செயலாளர் ஆண்டறிக்கை வாசித்தார். “நம்ம சங்கத்தில் இதுவரை ஒரு குழந்தைகூடப் புகார் சொன்னதில்லை. சொல்ல முடியாதபடி பார்த்துக்கொள்கிறோம்.” கைக்குட்டை உயர்ந்தது. “கண்ணியக் குழுவில் பெண்ணுக்கான நாற்காலி இந்த ஆண்டும் பத்திரமாக இருக்கிறது.” மறுபடி உயர்ந்தது.

மேடைக்குப் பக்கத்தில் திரை மறைவில் அந்தச் சிறுமி நின்றாள். அவளுடைய அம்மா அவள் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்களா மிட்டாய்?”

“இருந்தேன்.”

“கிளிசரின் இல்லாம எப்படிக்கா அழறது? எனக்கு வரவே மாட்டேங்குது. பெரியப்பா சொல்லித் தரேன்னாரு.”

“அம்மா பக்கத்துல இருந்தா கவனம் சிதறுமாம்” என்றாள் சிறுமியின் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. “என்னை வெளியே உட்காரச் சொல்லிட்டார்.”

அவள் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். வெளியே உட்காரச் சொன்னால் உட்கார்ந்திருக்கிற முகம். அவளுடைய சொந்த அம்மாவுக்கும் அதே முகம்தான் இருந்தது.

“என் நன்றியுரையை மட்டும் கொஞ்சம் கவனமாக் கேளுங்கக்கா” என்றாள்.

கயிறு அவளைத் தூக்கியது. பெரியப்பா மேடை நடுவில் புகைப்படக்காரர்களுக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். அவளுடைய பாதங்கள் இரண்டும் அவருடைய தோள்களில் வந்து பட்டன. சட்டையில் மைக் குத்தியிருந்தது. வலது கையை மூடிக்கொண்டாள்.

“பெரியப்பாவுக்கு நன்றி” என்று தொடங்கினாள். கைதட்டல். “எட்டு வயசுல என்னைத் தோள்ல ஏத்தினார். நடிப்பு சொல்லித் தந்தார்.” கைதட்டல். “ஒத்திகை அறைக்குள்ள எங்கம்மாவை விட மாட்டார். கதவைச் சாத்திட்டு, உங்கம்மா செத்துட்டாங்கன்னு சொல்லுவார்.”

அவள் மூச்சு விட்டாள். கைக்குட்டை உயர்ந்தது. பலத்த கைதட்டல்.

“நான் அழுவேன். அப்படியே தூக்கிட்டுப் போய் கேமரா முன்னாடி நிறுத்துவார். ஷாட் முடிஞ்சு வெளியே வந்தா அம்மா வாரப் பத்திரிகை படிச்சுகிட்டு இருப்பாங்க. மறுநாளும் செத்துட்டாங்கம்பார். மறுநாளும் நம்புவேன்.”

கைதட்டல் வந்தது. ஆனால் ஓரங்களில் கிழிந்திருந்தது.

“கொஞ்சம் விவரம் தெரிஞ்சு நம்பறதை நிறுத்தினேன். அப்ப கிள்ள ஆரம்பிச்சார். கேமராவுல தெரியாத இடம் எது எதுன்னு அவருக்கு மனப்பாடம். வெளியே சொன்னா உங்கம்மா நிஜமாவே செத்துப்போவாங்கன்னார். அதனால சொல்லலை.”

கைக்குட்டைக்காரர் முதல்முறையாகப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். கை மடியிலேயே இருந்தது. பின்வரிசையில் சிலர் பழக்கத்தில் தட்டிவிட்டு, தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டார்கள்.

செயலாளர் திரைக்குப் பின்னால் ஓடினார். “இறக்குய்யா அவளை” என்றார், சத்தம் வராமல்.

கயிறு மாஸ்டர் அவளுடைய மூடிய கையை முகவாயால் காட்டினார். “விதி சார்.”

செயலாளர் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டத் தொடங்கினார்.

“போதும் மிட்டாய்” என்றார் பெரியப்பா கீழிருந்து, சிரிப்பு கலையாமல், உதட்டை அசைக்காமல்.

“போதும்னு சொல்றார்” என்று அவள் அரங்கத்துக்குத் தெரிவித்தாள். “நானும் அப்ப அதைத்தான் சொல்லிகிட்டு இருந்தேன்.”

எங்கோ ஒருவர் இருமப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி எங்கம்மா உண்மையாவே இறந்துட்டாங்க. எனக்கு அழுகை வரலை. பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், வரலை. சொந்தக்காரங்க ஒரு மாதிரி பார்த்தாங்க. அம்மாவுக்குன்னு இருந்ததெல்லாம் நாலு படத்துல தீர்ந்துபோச்சு. அதுல ரெண்டுக்கு விருது கிடைச்சுது. அவருக்கு.”

அவள் அரங்கத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

“இப்பக் கண்ணாடிக் கடையில வேலை செய்யறேன். கண்ணு முன்னாடி கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா, அது தெளிவான்னு கேட்பேன். உங்களையும் கேட்டுடறேன். இப்பத் தெரியுதா?”

பெரியப்பா நகர்ந்தார். முதலில் ஓர் அடி, பிறகு வேகமாக, மேடையின் ஓரத்தை நோக்கி.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விழவில்லை, ஆடக்கூட இல்லை. தோள் இருந்த இடத்தில் காற்று இருந்தது. அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். அந்தத் தோள் எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதை அரங்கம் முழுவதும் பார்த்தது.

“நன்றி” என்றாள். கையை விரித்தாள்.

கயிறு அவளை மெதுவாகத் தரையில் கொண்டுவந்து விட்டது.

சிறுமியின் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பின்வழியாகப் போகாமல் மேடையின் குறுக்கே நடந்து வந்தாள்.

“என்னை ஏத்த மாட்டாங்களாம்மா?”

“மாட்டாங்க.”

“அப்ப நான் அழ வேண்டாமா?”

“வேண்டாம்டா.”

இருவரும் படியிறங்கி அரங்கத்தின் நடுவழியே வாசலைப் பார்த்துப் போனார்கள். முன்வரிசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையை எடுத்தார். வெள்ளையாக ஏதோ உயர்ந்ததைப் பார்த்து அரங்கம் கைதட்டியது. சங்க வரலாற்றிலேயே நீண்ட கைதட்டல் அது. வாசற்கதவு சாத்தும்வரை நிற்கவில்லை.

மறுநாள் அவள் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே சாதாரண நாற்காலி போட்டார்கள். அதில் உட்கார்ந்து சொன்னாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் கிளிசரின் இல்லாமல் அழுதவர்கள்.

ஒரு மாதம் கழித்து, செயலாளர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். நாற்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். குழந்தைகளுக்காகப் போட்டிருந்த நீல நாற்காலி மட்டும் காலி. முதுகில் முயல் படம்.

“உட்காருங்க சார்” என்றாள்.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். முழங்கால் முகவாய்க்கு வந்தது.

“கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு பாப்…” விழுங்கினார். “உங்க விஷயம் நிலுவையில இருக்குங்க. யாரும் இறக்கிவிடாம நீங்களே இறங்கிட்டீங்க. அதுக்கு விதி இல்ல. நீங்க குழந்தையா பெரியவங்களான்னு முடிவு பண்ணக் குழு போட்டிருக்கோம்.”

“மெதுவாப் பண்ணுங்க.”

“உங்களுக்கு அவசரம் இல்லையே?”

“இல்ல சார். நான் வீடு, வேலைன்னு இருக்கேன். அந்தப் பொம்பளை நாற்காலி என்னாச்சு?”

“நாடா அழுக்காயிடுச்சுன்னு எல்லாரும் பேசினாங்க. புது நாடா வாங்கியாச்சு.” பெருமூச்சு விட்டார். “பெரியப்பா கோர்ட்டும் வக்கீலுமா அலையறார். மச்சானைத் தலைவராப் போட்டோம், அவர் வரவே மாட்டேங்கறார். இதுல படப்பிடிப்புக்கெல்லாம் கிளிசரின் செலவு வேற ஏறிப்போச்சு. எந்த அம்மாவும் வெளியே உட்கார மாட்டேங்கறாங்க. கேமராவுக்குப் பக்கத்துலயே வந்து நிக்கறாங்க. கலை எப்படிங்க வளரும்?”

அவள் அவர் மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லை ஒன்றைச் செருகினாள். எதிர்ச்சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. கீழ்வரியில் தொடங்கினாள். தெரியவில்லை என்றார். அடுத்த வரி. தெரியவில்லை. வில்லைகளை மாற்றிக்கொண்டே மேலே போனாள். அட்டையின் உச்சியில் ஒரே ஓர் எழுத்து, கடைக்கு வெளியே நின்றே படித்துவிடக்கூடிய அளவுக்குப் பெரியது.

“அது தெரியுதா?”

“நல்லாத் தெரியுது.”

“என்ன எழுத்து?”

செயலாளர் வாசலைப் பார்த்தார். பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“குழுவைக் கேட்காம நான் எப்படிங்க சொல்றது?”

அவள் வில்லையைக் கழற்றித் துடைத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினாள்.